குளியலறையில் ஒரு பஸ் கம்பி

அன்பு காட்டியே ஒரு மனிதரை முடமாக்கியிருக்கிறீர்களா?

இல்லை என்று அவசரமாகத் தலையாட்ட வேண்டாம். அம்மா தூக்கப்போன குடத்தைப் பாய்ந்து பிடுங்கியிருப்பீர்கள். அப்பா சந்தைக்குக் கிளம்பினால் சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருப்பீர்கள். ‘இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று தோளை அழுத்தி உட்கார வைத்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் பாசம்தான். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது ஒரு கட்டில், ஒரு மூலை, முதுகில் ஒரு புண்.

இலங்கையின் மேற்குக் கரையில், சிலாபத்திலிருந்து நீர்கொழும்புக்குப் போகும் பெருவீதியில், மாரவில தாண்டிக் கடற்பக்கமாக இறங்கும் தெரு ஒன்றை ஊரார் இத்தாலித் தெரு என்பார்கள். மாடி வீடுகள், கேட்டின் மேல் சிமெந்துச் சிங்கங்கள், முகம் பார்க்கக்கூடிய டைல்ஸ் தரை. மாடியில் ஆள் கிடையாது. கீழ்த்தளத்து அறையில் ஒரு கிழவியோ கிழவரோ படுத்திருப்பார். பக்கத்தில் சம்பளத்துக்கு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் வெரோனாவிலும் மிலானிலும் இருப்பார்கள். என்ன வேலை? வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டி, நடக்க வைத்து, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை.

பணக்கார நாடுகள் முதலில் பணம் சேர்த்தன, பிறகு நரைத்தன. இந்தத் தீவுக்குக் காசு வருவதற்கு முன்பே நரை வந்துவிட்டது. வந்த நரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கைகளுக்குப் பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, மாலை போட்டு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, ‘அந்நியச் செலாவணி’ என்று மார் தட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கைகளைப் பெற்றவள் மட்டும் கட்டிலோடு கிடப்பாள். கேட்டால், ‘வயசானா அப்படித்தான்’. பீரங்கி கொன்றதைவிட அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது இந்த ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தோடு சண்டைக்குப் போனவர் வில்பட் தமேல். அரசாங்க பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் டிக்கட், விரலிடுக்கில் மடித்த நோட்டுகள், தோளில் பை. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை ஏது? கால்களைச் சற்று அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, பஸ் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உடம்பை அதன் எதிர்ப்பக்கம் விட்டு நின்ற மனிதர். வயதானவர்கள் ஏறினால், அவர்கள் உட்காரும் வரை மணியடிக்க மாட்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கத்துவான்:

“யாருடா அது, உன்ட மாமியாரா?”

“இல்ல, உன்ட மாமியார். கொஞ்சம் பொறு.”

தாய் போன பிறகு வில்பட்டைத் தூக்கி வளர்த்தவள் அக்கா செலஸ்டினா. தலையில் மீன் கூடையோடு ஊர் ஊராக நடந்த கால்கள் அவளுடையவை. மகள் ஷிரோமி வெரோனாவுக்குப் போய் உழைத்து, பழைய சிமெந்து வீட்டை இடித்து, இந்தக் கண்ணாடித் தரை வீட்டைக் கட்டினாள். தாய்க்கு மகள் செய்த உபகாரம் அது. குடிபுகுந்து வருஷம் திரும்புவதற்குள் குளியலறை வாசலில் ஈரக்கால் வழுக்கிச் செலஸ்டினா விழுந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் செய்தார்கள். உள்ளே உலோகம் வைத்துத் தைத்தார்கள். வார்டில் வைத்தே எழுப்பி நிறுத்தினார்கள். ‘வீட்டுல நடக்க வைங்க, வாரம் ஒரு தரம் கூட்டி வாங்க’ என்றும் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சு யார் காதிலும் இல்லை. ஷிரோமி வெரோனாவிலிருந்து அழுது, “அம்மாவ ஆட்டாதீங்க, எல்லாத்தையும் கட்டில்லயே செய்ங்க” என்றாள். வேலைக்காரி புஷ்பா நல்ல பெண், சொன்னதைச் செய்தாள். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். மலசலப் பாத்திரத்தைக் கட்டிலிலேயே வைத்தாள். தலையைக்கூடக் கட்டிலில் கிடத்தியே வாரினாள். மீன் கூடை சுமந்த கால்கள் மெழுகுவர்த்தியாக மெலிந்தன.

ஒரு மத்தியானம் வில்பட் பாண் வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே தெருவே நின்றது. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி, ஆளுக்கொரு ஜெபமாலை. கட்டிலருகே ஃபாதர் லெஸ்லி எண்ணெய்ச் சிமிழோடு நின்றார். அவஸ்தை பூசுகிறார்கள், நோயில் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் தொட்டு வைக்கும் சடங்கு. அந்தக் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எண்ணெய் பட்ட ஆள் எழும்பக்கூடாது. எழும்பினால் அது ஏதோ சாமிக்குச் செய்த மரியாதைக் குறைவு போல.

வில்பட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

“என்ன அக்கே, போகப்போறீங்களாம். எனக்கு ஒரு வார்த்த சொல்லல்லியே.”

செலஸ்டினா ஒரு கண்ணைத் திறந்தாள். “எனக்கே இப்பத்தான் சொன்னாங்க, மல்லி.” தம்பிக்கு அவள் வாயில் எப்போதும் சிங்கள ‘மல்லி’தான்.

யாரோ களுக்கென்று சிரித்து, அதைச் செபமாக மாற்றினார்கள். ஃபாதர் சிமிழை மூடினார். “இது நோயாளி சுகமாகுறதுக்குப் பூசுற எண்ணெய். நானும் பிரசங்கத்துல சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன். இங்க இதக் கடைசி பஸ் டிக்கட்டுன்னு நெனச்சிட்டீங்க.”

“டிக்கட் குடுக்குற வேலை என்னோடது, ஃபாதர்,” என்றார் வில்பட். “நான் குடுக்கல்ல.”

கூட்டம் கலைந்தது. அதன் பிறகுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். ஜனவரியில் செபஸ்தியார் திருநாளுக்கு ஷிரோமி வருகிறாள். வந்து, நீர்கொழும்பில் பேசி வைத்திருக்கும் முதியோர் இல்லத்தில் தாயைச் சேர்த்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போகப் போகிறாள். புஷ்பாவுக்கும் கல்யாணம் பேசியாயிற்று; வேறு ஆள் கிடைக்கவில்லை.

“எனக்குப் பெரிய ஆசை ஒண்டும் இல்ல, மல்லி. என்ட அடுப்புல நானே ஒரு பிளேன்டீ ஊத்திக் குடிக்கணும். என்ட கூரைக்குக் கீழ சாகணும். அவ்வளவுதான்.”

வில்பட் அன்றே ஃபோனில் மருமகளைப் பிடித்தார். “நீ வாறப்ப அக்கா தானா எழும்பித் தானா டொய்லெட்டுக்குப் போனா?”

“போனா நான் எதுக்கு மாமா இல்லத்துல விடப்போறன்? நானென்ன ராட்சசியா? ஆனா ஏலாது. அம்மாக்கு வயசு போயிட்டு.”

“ஏலும்ன்னா?”

“ஏலும்ன்னா அந்த இல்லத்துக்கு நானே ஃபோன் எடுத்து வேணாம்ன்டு சொல்லுவன்.”

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், உடற்பயிற்சி சிகிச்சை அறை வாசலில் நின்றார். சுற்று வட்டாரத்துக்கெல்லாம் அங்கே இருந்தவர் இஷாரா மிஸ் ஒருவர்தான். வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. வில்பட் சொன்னதைக் கேட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்த அம்மா வார்டுல நடந்தாங்களே. நடக்கிற சட்டத்தப் பிடிச்சிட்டு வாசல் வரைக்கும் போய் நர்சுக்கிட்ட வெத்தில கேட்டாங்க. ஏன் திரும்ப வரல்ல?”

“படுக்க வச்சிட்டாங்க, மிஸ்.”

“யாரு?”

“பாசம் உள்ளவங்க எல்லாருமா சேர்ந்து.”

இஷாரா மிஸ் பெருமூச்சு விட்டார். எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் வரிசை காத்திருக்க, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வாரா வாரம் ஆட்டோ பிடித்தாவது அழைத்து வரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் வில்பட் செய்த முதல் வேலை, ஹாலில் இருந்த தங்க நிற சோபாக்களைச் சுவரோரம் தள்ளியது. இரண்டாவது, சாப்பாட்டு மேசை நாற்காலிகளையும் பக்கத்து வீட்டு நாற்காலிகளையும் இரண்டு வரிசையாக, நடுவே ஒரு ஆள் நடக்க வழிவிட்டுப் போட்டது. கட்டிலிலிருந்து சமையலறை வரை ஒரு பஸ். முதுகுச் சாய்வுகளைப் பிடித்துப் பிடித்துப் போகலாம். களைத்தால் எந்த இடத்திலும் உட்காரலாம். வழுக்கும் டைல்ஸ் மேல் கயிற்றுப் பாயை ஆணியடித்தது போல் இழுத்து ஒட்டினார். அக்காவுக்குக் கட்டில் சிலாபம். அறைக் கதவு மாதம்பை. ஹால் நடுவே மாரவில. அடுப்பங்கரை நீர்கொழும்பு.

முதல் நாள் சிலாபத்தை விட்டு பஸ் கிளம்பவே இல்லை. எழும்பி நின்றதும் செலஸ்டினா தம்பியின் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். முகம் வெளிறியது. வலியைவிடப் பயம்தான் பெரிது. விழுந்தவளுக்குத்தானே தரையின் தூரம் தெரியும்.

“என்ன உட்கார வை. உட்கார வைடா, நாசமாப் போறவனே. உன்ன வளர்த்ததுக்கு மீன வளர்த்திருந்தா வித்தாவது இருப்பன்.”

“இன்னும் ஏசுங்க, அக்கே. மூச்சு நல்லா போகுது.”

அவளை உட்கார வைத்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, பின்னால ஆள் நிக்கிது” என்று அவர் போட்ட கூப்பாட்டில் புஷ்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாதம்பை வந்த அன்று செலஸ்டினா வெற்றிலை கேட்டாள். மாரவிலவில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவள், ஒரு நாள் கேட்காமலே எழும்பி இன்னும் இரண்டு நாற்காலி தாண்டினாள். புஷ்பாவின் கரண்டியைப் பிடுங்கித் தானே சாப்பிடத் தொடங்கினாள். வெறுங்கஞ்சி போய்ப் பருப்பும் முட்டையும் மீனும் தட்டுக்கு வந்தன. தசை காற்றிலிருந்தா வரும்?

ஆனால் குளியலறையில் எல்லாம் நின்றது. அங்கே நாற்காலி போட முடியாது. பிடிக்க ஒன்றும் இல்லை. நான்கு பக்கமும் இத்தாலியிலிருந்து வந்த டைல்ஸ், பன்றிக்குட்டியின் முதுகு போல வழவழவென்று. விழுந்த இடத்தைப் பார்த்ததும் செலஸ்டினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “ஏலாது மல்லி. இங்க மட்டும் ஏலாது.”

அங்கே ஏலாவிட்டால் வேறெங்கே ஏலுமென்றாலும் என்ன பயன்? ஷிரோமியோடு பேசிய பேச்சே அந்த அறையைப் பற்றித்தானே.

வில்பட் டிப்போவுக்குப் போனார். ஓடி ஓய்ந்த பஸ்கள் புல் முளைத்து நிற்கும் பின்பக்கத்தில், பழைய ஃபோர்மன் கையைப் பிடித்தார். பயணிகள் பிடித்துப் பிடித்தே பளபளத்த கம்பிகள் சிலவற்றைக் கேட்டுக் கழற்றி வாங்கி வந்தார். எத்தனையோ ஆயிரம் பேரைத் தாங்கிய கம்பி, ஒரு செலஸ்டினாவைத் தாங்காதா? மேசன் ஒருவன் துளைக்கும் மெசினோடு வந்தான். முதல் டைல் வெடித்த சத்தம் கேட்ட நேரத்தில்தான் வெரோனாவிலிருந்து வீடியோ கோல் வந்தது. புஷ்பா பயந்துபோய் ஃபோனை வில்பட்டிடம் நீட்டினாள்.

“மாமா, அது என்ன சத்தம்? ஐயோ, என்ட டைல்ஸ். மாமா, உங்களுக்கு மூளை இருக்கா? எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த டைல்ஸ் அது. பஸ் கம்பிய வீட்டுக்குள்ள பூட்டுறீங்களே, ஆக்கள் சிரிக்க மாட்டாங்களா?”

அவள் பின்னால் ஒரு சமையலறை தெரிந்தது. அங்கே, வெள்ளைத் தலை ஒன்று குனிந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது.

“அது யாரு?” என்றார் வில்பட்.

“நான் பார்க்குற சினியோரா. பெர்த்தா. பேச்ச மாத்தாதீங்க.”

“என்ன வயசு?”

“தொண்ணூறு வரப்போகுது.”

“கெழங்கு உரிக்கிறா?”

“உரிக்க வேணும். கை வேலை செய்யணும். காலையில நடத்திக் கூட்டிப் போவன், பின்னேரம் படி ஏத்துவன். படுக்க விட்டா போச்சு, டொக்டர் என்னத்தான் ஏசுவாரு...” ஷிரோமியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

“அந்த அம்மாட குளிக்கிற அறையக் கொஞ்சம் காட்டு, மகள்.”

அவள் காட்டவில்லை. வில்பட் காத்திருந்தார். கடைசியில் படம் ஆடியது; ஒரு நடை, ஒரு கதவு. பிறகு வெள்ளைச் சுவர். தொட்டி பக்கம் ஒரு கம்பி. கழிப்பறைக்கு இரு பக்கமும் கம்பி. கதவோரம் ஒன்று. தரையில் சொரசொரப்பான விரிப்பு.

மேசன் மெசினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான்.

சத்தம் கேட்டு அந்தக் கிழவி தன் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு கதவுக்கே வந்துவிட்டாள். ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தாள். புஷ்பா ஃபோனை வாங்கி, கட்டிலில் கிடந்த செலஸ்டினாவைக் காட்டினாள். கிழவி விரலை நீட்டிப் படபடவென்று ஏதோ சொன்னாள்.

“என்னவாம்?” என்றாள் செலஸ்டினா.

ஷிரோமி மூக்கை உறிஞ்சினாள். “பகல்ல எதுக்குப் படுத்திருக்கா, கைக்குழந்தையான்டு கேக்குறா.”

“சொல்லு அவளுக்கு,” என்றாள் செலஸ்டினா, முழங்கையை ஊன்றி எழும்பியபடி, “அவ உரிக்கிற கெழங்கு தோல் தடிப்புன்டு.”

அன்றிலிருந்து வெரோனாவும் பஸ்ஸில் ஏறிக்கொண்டது. ஷிரோமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த உயரத்தில் கம்பி இருக்கவேண்டும், எந்தச் செருப்பு வழுக்காது, இரவில் எங்கே சின்ன விளக்கு வேண்டும், எந்த மாத்திரையோடு தண்ணீர் அதிகம் குடிக்கவேண்டும். படித்து, பரீட்சை எழுதிப் பெற்ற அறிவு. அதைத் தன் தாய்க்குச் செய்யலாம் என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் மாலை போட்டவர்கள் சொன்னார்களா? இல்லை. தாயென்றால் கால் அமுக்கி, கரண்டியில் ஊட்டி, கண்ணீர் விடுவது. சினியோரா என்றால் நடக்க வைப்பது. அந்நியருக்கு அறிவு, சொந்தத்துக்குக் கண்ணீர். இந்தப் பிரிவினையை அவளா கண்டுபிடித்தாள்? ஒரு தேசமே சேர்ந்து கட்டிய சுவர் அது. பாவம், அவள் கையில் இருந்தது ஒரு செங்கல்தான்.

“வலது கைய மேல் கம்பிக்கு, அம்மா. பயப்படாதீங்க. நல்ல கால முதல்ல வைக்காதீங்க, அடிபட்ட காலு. ம்... அப்படித்தான். என்ட அம்மா கெட்டிக்காரி.”

“கிட்ட இருக்கக்குள்ள ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்ல,” என்றாள் செலஸ்டினா கம்பியிடம்.

தெரு சும்மா இருக்குமா? வேலியால் எட்டிப் பார்த்தது. செத்துப்போவாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள், சமையலறையிலிருந்து அவள் ஏசும் சத்தத்தைக் கேட்டார்கள். மூன்றாம் வீட்டு ஜுவானிஸ், முழங்காலைக் காரணம் சொல்லி வருஷக்கணக்காக நாற்காலியை விட்டு அசையாதவர், ஒரு காலையில் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து நின்றார். “இந்த பஸ்ஸுல இடம் இருக்கா, வில்பட்?”

“நிக்கத்தான் இடம் இருக்கு. அதுக்குத்தானே வந்தீங்க?”

ஹால் போதாமல் போனது. ஃபாதர் லெஸ்லி கோயில் மண்டபத்துச் சாவியைக் கொடுத்தார். நாற்காலி வரிசையில் அவரும் ஒரு ஓரமாக நின்று ஒற்றைக் காலைத் தூக்கிப் பழகினார், சர்க்கரை நோயில் அவருக்குக் கால் மரத்துப்போகும். இஷாரா மிஸ் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார், செலஸ்டினாவுக்கு நடக்கும் சட்டம் ஒன்றும் கொண்டு வந்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஆஸ்பத்திரியில் பார்ப்பதைவிட இது எனக்குத்தான் லாபம் என்றார். டிப்போவில் புல் முளைத்து நின்ற பஸ்கள் கம்பி இல்லாமல் மொட்டையாயின. இத்தாலித் தெருவின் குளியலறைகள் ஒவ்வொன்றாகக் கம்பி வைத்துக்கொண்டன. சிங்கம் வைத்த வீட்டுக்குள் பஸ் கம்பியா என்று சிரித்தவர்களே, அளவு கேட்டு வந்தார்கள்.

ஜனவரி வந்தது. தெருவெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடி. விமான நிலைய வேன் காலையிலேயே கேட்டுக்கு முன் நின்றது. ஷிரோமி இறங்கினாள். யாரும் கேட்டைத் திறக்கவில்லை. புஷ்பா கல்யாணமாகிப் போயிருந்தாள். வில்பட் வேலியோரம் நின்றார். வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, அம்மா எங்க?”

“டொய்லெட்டுல.”

“தனியாவா?”

“நீ என்னோட பேசிட்டு நில்லு. உள்ள ஓடாத. அவ வெளிய வாற வரைக்கும் நான் மணி அடிக்க மாட்டன்.”

அவள் நின்றாள். பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம். கம்பியில் மோதிரம் பட்டு டக்கென்று ஓர் ஒலி. பிறகு வாசற்கதவு திறந்தது. சட்டம் முதலில் வந்தது, பின்னால் செலஸ்டினா. மெதுவாகத்தான் வந்தாள். வலது கால் இன்னும் கொஞ்சம் இழுத்தது. படியில் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து மகளைப் பார்த்தாள்.

“என்ன இப்படிக் கொழுத்திட்ட? அந்த வெள்ளைக்காரிய மட்டும்தான் நடக்க வைக்கிறியா?”

ஷிரோமி சிரித்தாளா அழுதாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. வாசலிலேயே ஃபோனை எடுத்து, அழுகை அடங்காமலே நீர்கொழும்பு இல்லத்தோடு பேசினாள். “எங்கட அம்மா வரமாட்டா. இல்ல இல்ல, நல்லா இருக்கா. அதனாலதான் வரமாட்டா.” பிறகு உள்ளே போனார்கள். சட்டத்தை ஓரம் வைத்துவிட்டு, அடுப்புத் திண்டில் ஒரு கையை ஊன்றி நின்று, செலஸ்டினா மூன்று பேருக்கும் பிளேன்டீ ஊற்றினாள். சீனி அதிகம் என்று வில்பட் குறை சொன்னார், குடிக்காமல் வைக்கவில்லை.

பின்னேரம் செபஸ்தியார் சிலை தெருவால் பவனி வந்தபோது அவள் கேட்டருகே எழுந்து நின்றாள். பார்த்தவர்கள் அற்புதம், செபஸ்தியார் செய்த புதுமை என்று சிலுவை போட்டார்கள்.

“புதுமை என்ன புதுமை,” என்றாள் செலஸ்டினா. “செபஸ்தியார் ஒரு நாளாவது விடியக்காலம வந்து என்ன எழுப்பினாரா? இந்தச் சனியன் வில்பட் மழையிலயும் வந்தான்.”

பேண்டு வாத்தியம் அதை விழுங்கிவிட்டது. சுரூபத்தைச் சுமந்த இளைஞர்களுக்குப் பின்னால் இத்தாலித் தெருவின் கிழவர்களும் கிழவிகளும் வந்தார்கள். முன் வருஷங்களில் ஜன்னல் கம்பிக்குள் இருந்து கும்பிட்டவர்கள். ஜுவானிஸ் தடியைத் தோளில் துப்பாக்கி போலச் சாத்திக்கொண்டு வந்தார். செலஸ்டினா சட்டத்தைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஷிரோமி தாயின் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். பாய்ந்தவள், பாதியில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி பின்னாலேயே நடந்தாள். அந்தத் தெரு அதுவரை பார்த்த பாசங்களில் அதுவே பெரியது.

வெரோனாவுக்குத் திரும்பும் முன், தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் ஷிரோமி போனாள். தான் படித்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதைப் படித்து முடித்தவுடன் ஒன்று செய்யுங்கள். உங்கள் பெற்றோர் குளிக்கும் இடத்துக்குப் போங்கள். தரையை நனையுங்கள். செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நில்லுங்கள். தள்ளாடும்போது உங்கள் கை எந்த இடத்தைத் தேடிப் போகிறதோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நாளைக்கே மேசனைக் கூப்பிட்டு, அங்கே ஒரு கம்பி வையுங்கள். டைல்ஸ் உடையட்டும்.